கைத்தறி அரங்கில் மான்கள்

ஏப்ரல் 23, ஞாயிறு

ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிய இனிய காலை வேளையில் என் துணைவியார் வசந்தாமணி ஓசூருக்குப் புறப்பட்டுச் சென்றார்.

எழுதிப் படித்தால் பிரிவுபசார விழா மாதிரி இருக்கிறது. நடந்தது இதுதான். மகள் கார்குழலிக்கு ஏழாம் மாதம். படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. வசந்தாமணி ஒரு பையில் துணியும் இன்னொரு பையில் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஏறும்போது கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த இந்த டைரியை என் கையில் திணித்தாள்.

"போன்ல கேட்டா 'ம்'முனு சொல்லுவீங்க. இதுல எழுதி வைங்க. வந்து படிச்சுக்கறேன்."

"என்னத்தை எழுதறது?"

"தமிழ் வாத்தியாருக்கு அதை நான் சொல்லணுமாக்கும்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு டைரி எழுத முடியாதா?

மதிய உணவு: ஓட்டல். சுவையாக இருந்தது.

ஏப்ரல் 24, திங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியது. முகாம் நடக்கும் பள்ளிக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்கள் மேசையில் உதவித் தேர்வாளர்கள் ஏழு பேர். தலைப்பக்கத்தில் முதன்மைத் தேர்வாளர் துளசிமணி அம்மா. எங்களுக்குச் சிவப்பு மை, அவருக்குப் பச்சை மை. காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள். தாளில் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. ஓர் எண் மட்டும்தான். முப்பதுக்கு மேல் முப்பத்தைந்துக்குள் வரும் தாள்களை அம்மா இன்னொரு முறை பார்த்துப் பச்சையில் கையெழுத்துப் போடுவார்.

விடைக்குறிப்பைப் படித்துக் காட்டினார். பெரிய கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். 'நான் கண்ட பொருட்காட்சி'. முன்னுரை, நுழைவாயில், அரங்குகள், கேளிக்கைகள், தின்பண்டங்கள், முடிவுரை. தலைப்புகளுக்கு நான்கு, உள்ளடக்கத்துக்கு இரண்டு, நடைக்கும் பிழையின்மைக்கும் இரண்டு. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பொருத்தமான பிற விடைகளுக்கும் உரிய மதிப்பெண் வழங்கலாம். அந்த வரி எல்லா ஆண்டும் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

உணவு: முகாமில். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 25, செவ்வாய்

என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெனடிக்ட். இளம் வயது, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு தாளையும் புரட்டும்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். இன்று பதினோரு மணி வாக்கில் என் முழங்கையை இடித்தார்.

"ஐயா, இதைக் கேளுங்க. 'கைத்தறித் துறை அரங்கில் புள்ளிமான்கள் துள்ளி விளையாடின.' உங்க கட்டுலயும் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"எனக்குப் பதிமூணு பேர் எழுதியிருக்காங்க. கைத்தறிக்குள்ள மான் எப்படிங்க வந்துச்சு? எந்தப் புண்ணியவான் எழுதுன நோட்ஸோ!"

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

புண்ணியவான் நான்தான். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு பதிப்பகத்துக்கு மாதிரிக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'கைத்தறித் துறை அரங்கில் பட்டும் பருத்தியும் பளபளத்தன. வனத்துறை அரங்கில் புள்ளிமான்கள் துள்ளி விளையாடின' என்பதுதான் நான் எழுதியது. அச்சுக் கோத்தவர் நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டார். முதல் வருஷமே பார்த்தேன். யாரும் புகார் சொல்லவில்லை. விட்டுவிட்டேன். பாடத்திட்டம் மூன்று முறை மாறியது, மான்கள் கைத்தறியிலேயே தங்கிவிட்டன.

'வானளாவிய இராட்டினங்கள் சிறுவர்களின் உள்ளங்களைக் கொள்ளை கொண்டன.' அதுவும் என் வரி. இன்று இருபத்து நான்கு தாள்களில் கொள்ளை போயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

ஏப்ரல் 26, புதன்

முப்பது தாள். வெயில். வசந்தாமணி போனில் "என்ன சாப்ட்டீங்க?" என்றாள். "சாப்பாடு" என்றேன்.

ஏப்ரல் 27, வியாழன்

இன்று குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை.

ஒரு தாளைப் பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன். கட்டுரையில் முன்னுரை இல்லை. முடிவுரை இல்லை. துணைத்தலைப்பு ஒன்றுகூட இல்லை. பேச்சு வழக்கு. ஒற்றுப்பிழை. அரங்குகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டால், உள்ளே போனதில்லையாம்! பரீட்சையில் போய் யாராவது நான் போனதில்லை என்று எழுதுவார்களா? பொருட்காட்சியில் அப்பளக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. அடுப்பு, எண்ணெய், அப்பளம் என்று இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறது. தலைப்புகளுக்குப் பூஜ்யம். உள்ளடக்கத்துக்கு ஒன்று. நடைக்கு ஒன்று. எட்டுக்கு இரண்டு போட்டேன். தாளின் மொத்தம் முப்பத்திரண்டு. இன்னும் மூன்று இருந்தால் தேர்ச்சி. அம்மா பார்த்தார், பச்சையில் கையெழுத்துப் போட்டார். விடைக்குறிப்புப்படி இது சரி.

சரிதான்.

ஏப்ரல் 28, வெள்ளி

பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் பலகாரக் கடைக்காரர். சட்டையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. இறங்கும்வரை அந்தத் தாளையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

விடைத்தாளில் உள்ளதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் வரிகள் தலைக்குள் நின்றுவிட்டன. எழுதி வைத்தால் போய்விடும் என்று எழுதுகிறேன்.

'புது எண்ணெய் காயும்போது வாசனையே இருக்காது, மூக்கில் சூடு மட்டும் ஏறும். நூறு அப்பளம் போட்ட பிறகுதான் எண்ணெய்க்கு வாசனை வரும்.'

'அப்பளத்தைச் சாப்பாட்டுத் தட்டு அளவில் போடுவோம். எடுக்கும்போது என் முகமும் கழுத்தும் அதற்குப் பின்னால் மறையும். விரலில் வெட்டு இருந்தால் அன்றைக்கு மிளகாய்ப் பொடி நான் தூவமாட்டேன், காகிதம் மடிப்பேன்.'

'கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். தரை நடுங்குவது உள்ளங்காலில் ஏறிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால், இவ்வளவு நேரம் யாரோ காலைப் பிடித்திருந்து விட்டுவிட்ட மாதிரி இருக்கும்.'

'மழை வந்தால் ராட்டினம் நின்றுவிடும். மேலே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவது கீழே எங்களுக்குச் சிரிக்கிற மாதிரிதான் கேட்கும்.'

'வீட்டுக்குப் போனாலும் தலைமுடியில் எண்ணெய் வாசனை போகாது. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் என்னை அப்பளம் என்று கூப்பிடுவாள். அவளுக்குப் பசிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.'

கடைசி வரி: 'அரங்குகளுக்குள் நான் போனதில்லை. கடையை விட்டுப் போக முடியாது. அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.'

எழுதி வைத்தும் போகவில்லை.

ஏப்ரல் 29, சனி

பெனடிக்டிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். தலைப்பே இல்லாமல், ஆனால் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தால் எவ்வளவு போடுவீர்கள் என்றேன்.

"எனக்கு இதுவரைக்கும் அப்படி ஒண்ணு வரலீங்க ஐயா. வந்தா அழுதுருவேன்" என்றார்.

மதியம் துளசிமணி அம்மா தயிர்சாதத்தைத் திறக்கும் நேரம் பார்த்துப் போனேன்.

"அம்மா, வியாழக்கிழமை ஒரு தாள். மொத்தம் முப்பத்திரண்டு. கட்டுரைக்கு ரெண்டு போட்டேன். தப்புப் பண்ணிட்டேன்னு தோணுது."

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த மாதிரி பதினோரு தாள் பாத்தேனுங்க ஐயா. பதினொண்ணுலயும் பச்சைல கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க தப்புன்னா நானும் தப்பு."

மன்னிக்கணும்மா என்று சொல்லித் திரும்பப் போனேன்.

"நில்லுங்க. போகச் சொல்லலையே" என்றார். "கட்டு மேல போயிருச்சு. மூணாம் தேதி சாயங்காலம் மார்க் கம்ப்யூட்டர்ல ஏறிரும். அதுக்கப்பறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குள்ள காரணத்தை எழுத்துல குடுங்க. முகாம் அலுவலர்கிட்ட நான் பேசறேன்."

அங்கேயே நின்று எழுதினேன். 'மேற்படிக் கட்டுரை படிப்போரின் உள்ளத்தைக் கொள்ளை கொள்ளும் வகையில் சிறப்புற அமைந்துள்ளமையால் கூடுதல் மதிப்பெண் வழங்கலாம் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அம்மா படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அங்கே ஏதாவது இருக்குமோ என்று.

"இது வாழ்த்து மடலுங்க ஐயா. காரணம் எங்கே? நல்லாருக்குதுன்னா என்ன நல்லாருக்குது? இதையே நீங்க எந்தத் தாளுக்கு வேணும்னாலும் எழுதிக் குடுக்கலாமே."

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷ அனுபவம், என்னைப் பார்த்து இப்படிச் சொல்கிறார். பஸ் ஏறி, சீட் கிடைத்து, பாதி வழி வந்த பிறகுதான் அவர் சொன்னது உண்மை என்று உறைத்தது.

ஏப்ரல் 30, ஞாயிறு

முகாம் விடுமுறை. காலையிலிருந்து காரணம் எழுத உட்கார்ந்தேன். 'உயிரோட்டமான வருணனை' என்று எழுதி அடித்தேன். 'கண்முன் நிறுத்துகிறது' என்று எழுதி அடித்தேன். 'ஐம்புலன்களுக்கும் விருந்து' என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்தேன்.

சரி, அந்தப் பிள்ளை எழுதியது உண்மையா என்றாவது பார்ப்போம் என்று தோன்றியது. சமையலறைக்குப் போனேன். அப்பள டப்பாவைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

வாணலியில் எண்ணெய் ஊற்றினேன். காயும்போது குனிந்து மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. மூக்கின் உள்புறம் சுட்டது. அந்தப் பிள்ளை சொன்னது அப்படியே சரி. முதல் அப்பளம் கருகியது. இரண்டாவதும் கருகியது. மூன்றாவதைப் போடும்போதுதான் காதால் கேட்டேன். போட்டவுடன் சத்தம் பெரிதாக எழுகிறது, பிறகு ஒரு நொடியில் அடங்குகிறது. அடங்கும்போது எடுத்துவிட வேண்டும். ஐம்பத்தோரு வயதில் இது எனக்குப் புதுச் செய்தி. எத்தனை ஆயிரம் அப்பளம் தின்றிருப்பேன். 'மொறுமொறுப்பான' என்று எத்தனை கட்டுரையில் எழுதியிருப்பேன்.

சாயங்காலம் தெருமுனை மாவு மில்லுக்குப் போனேன். ஜெனரேட்டருக்கு நான் எங்கே போக? செருப்பைக் கழற்றி விட்டு நின்றேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து முழங்கால் வரை நடுக்கம் ஏறியது.

"என்னங்க வாத்தியாரே, எதாச்சும் அரைக்கோணுமா?" என்றார் மில்காரர்.

"இல்லீங்க. சும்மா நிக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வசந்தாமணி ஊரில் இல்லை என்பது தெரிந்திருக்கும். மிளகாய் நெடி, சூடான கம்பு மாவின் வாசனை, பெல்ட்டு ரப்பர் வாசனை எல்லாம் வந்தது. பத்து நிமிடத்தில் மில்லை நிறுத்தினார். கால் இரண்டும் திடீரென்று இலேசாகிவிட்டன. யாரோ பிடித்திருந்து விட்டுவிட்ட மாதிரியேதான் இருந்தது. அந்தப் பிள்ளை ஒரு சொல்கூட மிகைப்படுத்தவில்லை. நான் வானளாவிய இராட்டினம் என்று எழுதியவன்.

மே 1, திங்கள்

உழைப்பாளர் தினம், விடுமுறை. வசந்தாமணி காலையிலேயே கூப்பிட்டாள். குழலிக்கு நேற்று லேசாக வயிறு இழுத்துப் பிடித்ததாம், டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். பிறகு, "என்ன சாப்ட்டீங்க?" என்றாள்.

"ரசஞ்சாதம். கருகுன அப்பளம். மூணாவது நல்லா வந்துச்சு. ஓரம் மட்டும் சிவந்து, நடுவுல கொப்புளம் கொப்புளமா. கடிச்சா சத்தம் வெளிய விட காதுக்குள்ள ஜாஸ்தி கேக்குது."



"ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

அவளிடம் சொன்னேன். விதி மீறல்தான், ஆனாலும் எண்ணைச் சொல்லவில்லை, பெயரும் ஊரும் எனக்கே தெரியாது. பொருட்காட்சியைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியது, நான் இரண்டு போட்டது, நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள் காரணம் எழுதித் தர வேண்டியது.

"நீங்க எப்பங்க பொருட்காட்சிக்குப் போனீங்க?" என்றாள்.

"போனதில்லை."

"நான் போயிருக்கேன். குழலிக்குப் பதினோரு வயசு. அவ ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தா. நீங்க பதிப்பகத்துக்கு எழுதிக் குடுக்கோணும்னு உக்காந்துட்டீங்க. எங்க அண்ணன்கூடத்தான் போனோம்."

அன்று நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது எந்தக் கட்டுரை என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்த நொடியில் தெரிந்தது.

"ராட்டினத்துல ஏறுனா பாருங்க, மேல போறப்ப ஒரு காலுச் செருப்பு விழுந்துருச்சு. புதுச் செருப்பு. கேட்டு வாங்கலாம் வான்னா வரவே மாட்டேன்னுட்டா. ஒத்தக் கால்ல எல்லாரும் பாப்பாங்களாம். வூட்டுக்கு வந்து மொதல்ல உங்ககிட்டத்தான் ஓடி வந்து சொன்னா. நீங்க தலையைத் தூக்காமயே 'ம்'முனீங்க."

அந்தத் தாளில் இன்னொரு பத்தி இருந்தது. வெள்ளிக்கிழமை அதை நான் இங்கே எழுதவில்லை. மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். 'ராட்டினம் மேலே போகும்போது ஒத்தைச் செருப்புகள் விழும். எங்கள் கடைத் தகரத்தில் விழுந்தால் டங் என்று கேட்கும். எடுத்துப் பெட்டியில் போட்டு வைப்போம். யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஒத்தைக் காலில் நடந்து வர வெட்கம்.'

போனை வைத்தேன். கண்ணில் தூசி. மின்விசிறியைத் துடைக்க வேண்டும்.

பிறகு ஒரே மூச்சில் எழுதினேன். வெள்ளைத்தாளில் ஒன்றரைப் பக்கம். ஓர் இடத்திலும் உள்ளம் கொள்ளை போகவில்லை.

மே 2, செவ்வாய்

காலை முதல் வேலையாகக் கொடுத்தேன். துளசிமணி அம்மா நின்றபடியே படித்தார். நான் எழுதியதில் சில வரிகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

'இக்கட்டுரையில் கூறப்பட்டவற்றுள் மூன்றை நான் சோதித்துப் பார்த்தேன். எண்ணெய் காய்வதையும் தரை நடுங்குவதையும் நானே செய்து அறிந்தேன். செருப்பு விழுவதை, அப்படிச் செருப்பைத் தவறவிட்ட குழந்தையின் தாயிடம் கேட்டு அறிந்தேன். மூன்றும் உண்மை. தேர்வர் தான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதவில்லை. பார்க்கவில்லை என்றே எழுதியிருக்கிறார். அதற்காக நான் மதிப்பெண் குறைத்தேன். இந்த ஆண்டுத் தாள்களில் பெரும்பாலானவற்றில் காணப்படும் மாதிரிக் கட்டுரையை எழுதியவன் நான். நான் பொருட்காட்சிக்குப் போனதே இல்லை. கைத்தறி அரங்கில் மான்களை விட்டதற்கும் அவற்றைப் பிடிக்காமல் இருந்ததற்கும் நானே பொறுப்பு. போகாதவனின் வரிகளுக்கு ஏழு போட்டுவிட்டு, அங்கேயே நிற்கும் பிள்ளைக்கு இரண்டு போட்டுவிட்டேன். விடைக்குறிப்பின் கடைசி வரிப்படி இது பொருத்தமான பிற விடை.'

அம்மா அதை எடுத்துக்கொண்டு முகாம் அலுவலர் அறைக்குப் போனார். இரண்டு மணி நேரம் வரவில்லை. ஒரு தாளில் கூட்டலைத் தப்பாகப் போட்டு, அடித்துச் சரி செய்தேன்.

சாப்பாட்டு மணி அடிக்கும்போது அந்தத் தாளோடு வந்தார். சாப்பிடப் போனவர்களை உட்காரச் சொன்னார். முகாமின் முதல் நாள் எல்லோரும் ஒரே ஒரு தாளைத் திருத்தி, மதிப்பெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, கூட்டிப் பார்ப்போம். ஒருவர் தாராளம், ஒருவர் கஞ்சம் என்று இருந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக. இன்று இதற்கும் அப்படியே செய்வோம் என்றார். என் பக்கம் திரும்பினார். "செங்கோட்டுவேல் ஐயா எழுத வேண்டாம். மத்த ஆறு பேரும் எழுதுங்க."

அவரே வாசித்தார். மேடைக் குரல் இல்லை, மளிகைச் சிட்டை வாசிக்கிற குரல்தான். செருப்பு வரியில் யாரோ 'ச்சு' என்றார்கள். அவளுக்குப் பசிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன் என்ற இடத்தில் பெனடிக்ட் சத்தமாகச் சிரித்து, சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டார். கடைசி வரியை வாசித்ததும் அம்மா தாளை மூடவில்லை, கொஞ்சம் வைத்துக்கொண்டே இருந்தார். சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆறு சீட்டும் வந்தன. ஏழு, எட்டு, ஏழு, ஏழு, எட்டு. ஆறாவது சீட்டில் மூன்று.

"தலைப்பே இல்லாம எப்படிங்கம்மா? எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா நாம எதை வெச்சுத் திருத்தறது?" என்றார் மூன்று போட்டவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. போன வாரம் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா நான் சந்தோஷமா ரிட்டயர் ஆயிருவேன்" என்றார் அம்மா. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தார். ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, ஏழாக்கினார். என் சிவப்பு இரண்டை ஒரு கோட்டால் அடித்து, பச்சையில் ஏழு என்று எழுதி, கீழே தன் பழைய கையெழுத்தையும் அடித்துப் புதிதாகப் போட்டார். முப்பத்திரண்டு முப்பத்தேழானது.

மூடியே இருந்த சிவப்புப் பேனாவை மறுபடி மூடினேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

"அப்போ அந்த மான் உங்களுதுங்களா ஐயா?" என்று பெனடிக்ட் காதோடு கேட்டார். ஆமாம் என்றேன். சாப்பாட்டு வரிசையில் நிற்பதற்குள் முகாம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேறு மேசைக்காரர் ஒருவர் கையைக் கொம்பு மாதிரி தலையில் வைத்துக் காட்டினார்.

மே 3, புதன்

முகாம் கடைசி நாள். தவறாக மதிப்பிட்டதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். துளசிமணி அம்மாவுக்கும் ஒன்று. "ஒரே மாதிரி பதில் எழுதிராதீங்க ஐயா, காப்பி அடிச்சோம்னு ஆயிரும்" என்று சொல்லிவிட்டு அம்மா பையை எடுத்துக்கொண்டார்.

பதிப்பகத்துக்குப் போன் செய்து அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். இந்த வருஷப் புத்தகம் அச்சாகிவிட்டதாம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பதிலாக என்ன தருவீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுத வைக்கும் கேள்விகள் தருகிறேன் என்றேன். கேள்வி எழுதினால் புத்தகம் விற்காது என்று வைத்துவிட்டார்கள்.

வசந்தாமணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு அவள்தான் 'ம்' போட்டுக்கொண்டு வந்தாள், இருபது நிமிடம். குழலிக்கு ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறது. போனை அவளிடம் தரச் சொன்னேன். அந்தச் செருப்பு என்ன நிறம் என்று கேட்டேன்.

"எந்தச் செருப்புப்பா?" என்றாள். பிறகு, "ரோஸ். பக்கிள்ல பட்டாம்பூச்சி இருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் ராட்டினத்தைப் பற்றி நிறையச் சொன்னாள். பதினைந்து வருஷம் தாமதமாகக் கேட்டுக்கொண்டேன்.

மே 19, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. எங்கள் பள்ளியில் ஒரே கம்ப்யூட்டர்தான் ஒழுங்காக ஓடும். அதன் முன்னால் நான் உட்கார்ந்து பதிவெண்ணை அடித்து ஒவ்வொருவருக்கும் பார்த்துச் சொன்னேன். வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது.

அந்தப் பிள்ளையும் இந்த நேரத்துக்கு எங்கேயோ பார்த்திருக்கும். தமிழ் முப்பத்தேழு. தேர்ச்சி. பதினொன்றாம் வகுப்புக்குப் போகலாம். ஆறு பேர் சோறு ஆறிப்போக உட்கார்ந்து அதைக் கேட்டார்கள் என்று அதற்கு யார் சொல்வார்கள்? தட்டுத் தடுமாறித் தப்பித்தோம், நமக்குத் தமிழ் வராது என்றுதான் நினைத்துக்கொள்ளும். எனக்கு அது தாங்கவில்லை. யார் என்று தெரிந்தாலும் போய்ச் சொல்ல முடியாது.

அப்போது வரிசையில் சிவரஞ்சனி வந்தாள். மூன்றாவது பெஞ்சில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பவள்.

"பாஸுங்களாய்யா?"

"பாஸு. கணக்கு அறுபத்தொண்ணு. தமிழ் முப்பத்தெட்டு."

அவள் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "எனக்குத் தமிழ் வராதுங்கய்யா" என்றாள்.

"யார் சொன்னா?"

"மார்க்கே சொல்லுதுங்களே."

"மார்க்குப் போட்டவனுக்கு வராம இருந்திருக்கும்" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், விளையாட்டா என்று தெரிந்துகொள்ள. கட்டுரைக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"நோட்ஸ்ல இருக்கறதுதானுங்கய்யா. போன ஞாயித்துக்கெழமை அப்பாகூடப் பொருட்காட்சிக்குப் போனேன்னு."

'சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் என் தந்தையாருடன்' என்பது என் கட்டுரையின் முதல் வரி. சிவரஞ்சனிக்கு அப்பா இல்லை. பதிவேட்டில் அம்மா பெயர்தான் இருக்கிறது. இரண்டு வருஷமாக அதில் கையெழுத்துப் போடுகிறவன் நான். இரண்டு வருஷமாக அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அவளை மனப்பாடம் செய்ய வைத்தவனும் நான். மன்னிச்சுக்கோ சாமி என்றேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

"சரி. அம்மாகூட எங்கேயாவது போயிருக்கியா?"

"எங்கேயும் போனதில்லீங்க. லீவுல சாயப்பட்டறைக்குச் சோறு கொண்டுட்டுப் போவேன். அதெல்லாம் ஒரு எடமுங்களா?"

"அங்க போனா மொதல்ல என்ன தெரியும்?"

கீழே பார்த்து யோசித்தாள். இதுவரை அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை போலிருந்தது.

"மொதல்ல மூக்குதானுங்க எரியும். அப்பறம் பழகிரும். அம்மா கை ஒரு வாரம் நீலமா இருக்கும், ஒரு வாரம் செவப்பா இருக்கும். அந்தக் கையில சோறு பெசஞ்சு குடுத்தா கலர் ஒட்டாதுங்கய்யா. ஆனா உப்பு கரிக்கும். சாயத்துல மூட்டை மூட்டையா உப்புப் போடுவாங்க, அது எத்தனை கழுவுனாலும் போகாது."

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார் என்றேன். அவள் பாதி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயா, எனக்கும் பாத்துச் சொல்லுங்க!" என்று வேப்பமரத்தடியிலிருந்து ஒருவன் கத்தினான். இரு என்றேன். சிவரஞ்சனி கொதிக்கும் தொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.